பத்து முடிந்தது, பதினொன்று ஏறவில்லை: பழைய லேப்டாப்பை என்ன செய்யலாம்?

காரிமங்கலத்தில் புளி மண்டி வைத்திருக்கும் மாமா ஒருவர், கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா ஒருவர், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வரும் தம்பி ஒருவன். மூவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் ஒரே மாதத்தில் மூவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாமே, இந்த லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுடணுமா?"

மூவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். ஏன் அப்படி என்று எழுதிவைத்தால் இன்னும் பத்துப் பேருக்கு உதவும் என்று தோன்றியது. நான் கம்ப்யூட்டர் கடைக்காரன் இல்லை. தருமபுரியில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியில் சொந்தக்காரர்களின் லேப்டாப்பைக் கழற்றி மாட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவன். எந்த வழியைச் சொன்னாலும் எனக்குக் கமிஷன் கிடையாது.

## முடிந்தது என்றால் என்ன முடிந்தது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. லேப்டாப் நிற்கவில்லை. மறுநாள் காலையிலும் அது வழக்கம்போல் ஆன் ஆனது, வழக்கம்போல் மெதுவாக. கீழே வழி 1-இல் சொல்லும் நீட்டிப்பில் சேராவிட்டால், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

இதை வைத்துப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு, "ஒண்ணும் ஆகாது, ஓட்டு" என்கிறவர்களும் உண்டு. என் கணக்கு வேறு: அந்த லேப்டாப்பின் கதவு ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத் திறக்கிறது என்று பாருங்கள். வீட்டு மேஜையில் இருந்துகொண்டு யூடியூப் மட்டும் பார்க்கும் லேப்டாப்புக்கு ஆபத்து கொஞ்சம். ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்து மாலை வரை ஐம்பது பேரின் பென் டிரைவ் நுழைகிறது. முகம் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபைல் எல்லாம் திறக்கப்படுகிறது. அதே மிஷினில் அக்காவின் பேங்க் கணக்கும் இருக்கிறது. அங்கே "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிரவுசர் உடனே கைவிட்டுவிடாது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் அதைக் கைவிட்டது 2023 தொடக்கத்தில். அந்த மூன்று வருட இடைவெளியில் நம் ஊரில் எத்தனை பேர் விண்டோஸ் 7-ஐ ஓட்டினார்கள் என்று உங்களுக்கே தெரியும். பத்துக்கும் கொஞ்ச காலம் இருக்கிறது. ஆனால் எம்எஸ் ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு அதே 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது?

லினக்ஸா (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) விண்டோஸா என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும். நான் முதலில் கேட்பது இது: இந்த லேப்டாப்பில் மட்டுமே நடக்கும், வேறு எதிலும் நடக்காத வேலை எது?

மண்டி மாமாவுக்கு அது டேலி என்ற கணக்கு மென்பொருள். ஜெராக்ஸ் அக்காவுக்கு கைரேகைக் கருவியும், பத்து வருடமாக உழைக்கும் பழைய லேசர் பிரிண்டரும், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கோரல் டிராவும். தம்பிக்கு யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. எல்லாமே பிரவுசரில் நடக்கிறது, நிரல் எழுதும் பயிற்சியைத் தவிர. அது எதிலும் நடக்கும். இந்த ஒரு பதிலிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

அடுத்தது, கெட்டால் யார் பார்ப்பார்கள்? பென்னாகரத்திலோ அரூரிலோ விண்டோஸ் போட்டுத் தர ஒரு கடை இருக்கும். லினக்ஸில் வைஃபை வரவில்லை என்று அதே கடைக்குக் கொண்டுபோனால், "அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடட்டுமா?" என்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை.

அப்புறம் டேட்டா. விண்டோஸ் 11-ஐ இறக்க ஐந்து ஜிபிக்கு மேல் வேண்டும். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் மூன்று ஜிபிக்குள் அடங்கும். ஏரியூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், தினசரி ஒன்றரை ஜிபி பேக்கில், போன் ஹாட்ஸ்பாட்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு இறக்குகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். டவுனுக்கு வரும் நாளில் நண்பர் வீட்டு ஃபைபரில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவது உத்தமம்.

தமிழ் தட்டச்சு, ஆகும் பணம், எத்தனை வருடம் தாங்கும் என்பதெல்லாம் உண்டு. ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

## அதற்கும் முன்னால், டிஸ்க்கைப் பாருங்கள்

பாலக்கோடு பக்கம் மாவு மில் வைத்திருப்பவரின் லேப்டாப் ஒன்று என்னிடம் வந்தது. "விண்டோஸ் பழசாயிடுச்சு, அதான் ஸ்லோ" என்றார். பழைய தினத்தாளை விரித்து, திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே செல்லோ டேப்பில் ஒட்டிவைத்து, பின் மூடியைத் திறந்தேன். ஃபேனுக்குள் கேழ்வரகு மாவு, ஈரம் பட்டுக் காய்ந்து, தோசைக்கல்லில் ஒட்டிய அடைமாதிரி கெட்டியாக இருந்தது. காற்றுப் போக வழியே இல்லை. சூடு தாங்காமல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மனுஷன் மைக்ரோசாஃப்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

மாவை எடுத்தபிறகும் முழுசாகச் சரியாகவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்றைப் போட்டதும் மூன்று நிமிடம் எடுத்த ஸ்டார்ட் அரை நிமிடத்துக்குள் வந்தது.

நிறையப் பேர் புது லேப்டாப் தேடுவது வேகத்துக்காகத்தான். பாதுகாப்பு அப்டேட் ஒரு சாக்கு. அந்த வேகம் எஸ்எஸ்டியில் கிடைத்துவிடும். ரேம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை: 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்காகத் தயாரிப்பாளர்கள் திரும்பியதுதான் காரணம். போன வருடம் யாரோ சொன்ன விலையை மனதில் வைத்துக் கடைக்குப் போகாதீர்கள். அந்த லேப்டாப்பில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் அப்படித்தான்.

## வழி 1: விண்டோஸ் 10-லேயே இருந்து, கூடுதல் அப்டேட்டில் சேர்வது

வீட்டு உபயோகக்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வருட நீட்டிப்பு தந்தது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேரும் பொத்தான் இருக்கும். மூன்று வகையில் சேரலாம்: 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி 1000 கொடுக்கலாம், இல்லை, உங்கள் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைத்தால் பணமே வேண்டாம். லேப்டாப்பில் இருப்பது 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். ஒரு கணக்கில் 10 கணினி வரை சேர்த்துக்கொள்ளலாம் என்பது அண்ணன் தம்பி வீடுகளுக்குச் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு வசதி.

கண்ணுக்குத் தெரியாத செலவு, மைக்ரோசாஃப்ட் கணக்கு. பாஸ்வேர்டை மறந்துவிடும் வீடுகளில் இது ஒரு தலைவலி. கணக்கில் நுழைந்ததும், டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாவற்றையும் ஒன்டிரைவுக்கு ஏற்றட்டுமா என்று கேட்கும். இலவச இடம் 5 ஜிபிதான். குலதெய்வம் கோயில் கும்பாபிஷேக வீடியோ ஒன்றே அதை நிரப்பிவிடும். அப்புறம் தினமும் "இடம் இல்லை, பணம் கட்டு" என்று தொந்தரவு. இலவசமாகச் சேர செட்டிங்ஸ் இணைப்பு போதும், ஃபோல்டர்களை ஏற்ற வேண்டியதில்லை. அந்தப் பொத்தான்களை அணைத்துவிடுங்கள்.

டேலி, கைரேகைக் கருவி, பிரிண்டர் எதையும் தொடாமல் நேரம் வாங்கித் தருவது இதன் பலம். வாங்கித் தருவது நேரம் மட்டுமே என்பது பலவீனம்.

## வழி 2: விண்டோஸ் 11

இதில் நேர்வழி ஒன்று, குறுக்குவழி ஒன்று.

நேர்வழிக்கு வேண்டியவை: 64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஐ5-8250யூ என்றால் கோட்டுக்குப் பின் வரும் 8-தான் தலைமுறை, ஐ5-10210யூ என்றால் 10. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற செயலி சரியா இல்லையா என்று சொல்லிவிடும். 4 ஜிபி ரேம் போதும் என்பது தாளில் மட்டும்; 8 இல்லாமல் பதினொன்றைத் தொடாதீர்கள்.

"டிபிஎம் இல்லை" என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். அசெம்பிள் பண்ணிய டெஸ்க்டாப் பலவற்றில் அது பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் அடிப்படை செட்டிங்ஸ் பகுதி) அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்தால் போதும். அதே மிஷினில் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பேக்கப் எடுக்காமல் அதில் கை வைத்தால் நான் பொறுப்பில்லை.

குறுக்குவழிக்கு ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் பெயர் பெற்றது. பென் டிரைவ் தயாரிக்கும்போதே, மேலே சொன்ன தகுதிகள் இருக்கிறதா என்று விண்டோஸ் பார்க்கும் சோதனைகளை எடுத்துவிடும். 6, 7-ஆம் தலைமுறை லேப்டாப்பில் பதினொன்று நன்றாகவே ஓடுகிறது, நானே போட்டிருக்கிறேன். ஆனால் இப்படிப் போட்டவற்றுக்கு அப்டேட் தர நாங்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. மாதாந்திர அப்டேட் வந்துகொண்டிருக்கிறது. வருடாந்திரப் பெரிய பதிப்பு தானாக வராது. ஹோம் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம். அதாவது இரண்டு வருடத்துக்குள் மறுபடி பென் டிரைவோடு உட்கார வேண்டும். உங்களுக்கே செய்யத் தெரியும் என்றால் சரி. சித்தப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தால், வாழ்நாள் முழுக்க நீங்கள்தான் அவருடைய சர்வீஸ் சென்டர். கோர் 2 டுவோ காலத்து மிஷினில் இந்தக் குறுக்குவழியும் நடக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு வேண்டிய கட்டளைகள் அந்தப் பிராசசர்களில் கிடையாது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் வீட்டிலேயே அடிபட்டோம். விண்டோஸ் 11 24எச்2-ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். அந்தப் பூட்டின் சாவி, 48 இலக்க எண், முதலில் நுழைந்தவரின் கணக்கில் போய் உட்காரும். என் மச்சானின் லேப்டாப்பைக் கடை ஒன்றில் கொடுத்தோம். கடைப் பையன் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன்னுடைய கணக்கில் நுழைந்து எல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டான். ஐந்து மாதம் கழித்து ஒரு பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் சாவி கேட்டது. பையன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான். குழந்தையின் மூன்று வருடப் போட்டோ அந்த டிஸ்க்கில். இரண்டு நாள் அலைந்து, அவன் அண்ணனைப் பிடித்து, அவன் நம்பரை வாங்கி, அவன் தன் கணக்கைத் திறந்து இலக்கம் இலக்கமாகப் போனில் படிக்க, மச்சான் பேப்பரில் எழுத, ஒரு வழியாகத் திறந்தது. கடையில் கொடுத்து விண்டோஸ் போடுகிறவர்கள், வாங்கும்போதே எந்தக் கணக்கில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணக்காக மாற்றி, சாவியைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் பைக்குள் வையுங்கள்.

## வழி 3: லினக்ஸ் மின்ட்

நம் ஊருக்கு லினக்ஸ் புதுசில்லை. 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றில் பலவற்றில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. வாங்கிய வாரமே அதை அழித்துக் கள்ள விண்டோஸ் போட்டவர்கள்தான் அதிகம், நானும் போட்டுக்கொடுத்த பாவி. இன்று அந்தக் காலத்து லேப்டாப் எங்கேயாவது பரணில் இருந்தால், அதற்கு உயிர் கொடுப்பது மறுபடி லினக்ஸ்தான்.

லினக்ஸில் ஆயிரம் வகை உண்டு. புதிதாக வருகிறவருக்கு நான் மின்ட் மட்டும்தான் சொல்வேன். விண்டோஸ் பழகிய கைக்கு மெனு இருக்கும் இடம்கூட மாறாது. 22-ஆம் பதிப்பு 2024 ஜூலையில் வந்தது; 2029 வரை ஆதரவு. குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4. பழைய லேப்டாப் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். உரிமக் கட்டணம் கிடையாது.

இதன் பெரிய நன்மை, போடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே துவக்கினால் டிஸ்க்கைத் தொடாமல் முழு சிஸ்டமும் ஓடும். அரை மணி நேரம் உட்கார்ந்து வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர், திரை வெளிச்சப் பொத்தான், லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

இனி சிக்கல்கள். டேலி பிரைம் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. கோரல் டிரா, ஃபோட்டோஷாப் லினக்ஸுக்குக் கிடையாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி எல்லாம் விண்டோஸை மனதில் வைத்தே வருகின்றன. பிரிண்டரில் எச்பி பெரும்பாலும் சொருகினால் ஓடும். தமிழ்நாட்டு ஜெராக்ஸ் கடைகளில் பாதியில் உட்கார்ந்திருக்கும் கேனான் 2900 வகைக்கு லினக்ஸ் டிரைவர் பழையது. ஓடவைத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

தமிழ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்99 விசைப்பலகை மின்டில் உண்டு, ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு; இன்புட் மெத்தட் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். விண்டோஸில் தமிழ் அடிக்கும் என்எச்எம் ரைட்டர் பழகிய கைக்கு முதல் வாரம் தடுமாறும். பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகள்தான் பிரச்சினை. அவை எல்லா மிஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லை. எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் கிறுக்கல்தான். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், அலுவலகக் கடிதங்கள் இன்னும் வானவில் ஔவையார் எழுத்துருவில் வருவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஔவையார் நீண்ட ஆயுள் பெற்றுவிட்டார், நாம்தான் மாட்டிக்கொண்டோம். யூனிகோடில் அடித்த வேர்டு கோப்புகூட மின்டோடு வரும் லிப்ரே ஆஃபீஸில் திறந்தால், லதா, நிர்மலா எழுத்துருக்கள் இல்லாமல் வேறொன்று வந்து உட்கார்ந்து, 40 பக்கம் 43 ஆகும். புராஜெக்ட் ரெக்கார்டை பைண்டிங் கொடுக்கும் முன் பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள்.

இரண்டையும் வைத்துக்கொண்டு டூயல் பூட் போடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் என் அனுபவத்தில் இரண்டு போட்டவர்கள் மூன்றாவது வாரத்திலிருந்து விண்டோஸையே திறக்கிறார்கள். லினக்ஸ் டிஸ்க்கில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

பிரவுசரைத் தவிர எதையும் திறக்காத வீட்டுக்கு கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் உண்டு, 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் போதும். நெட் போய்விட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நம் பக்கத்து நெட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## வழி 4: எஸ்.பி. ரோட்டில் பழைய ஆஃபீஸ் லேப்டாப்

ஓசூர் தாண்டினால் பெங்களூர். ஐடி கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லேப்டாப்புகள் எஸ்.பி. ரோடு கடைகளில் அடுக்கிக் கிடக்கும். தருமபுரியிலிருந்து ரயில் உண்டு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பஸ்தான் கதி. காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். ஆஃபீஸ் லேப்டாப்புகளின் கீபோர்டும் உடம்பும் புதிய மலிவு லேப்டாப்பைவிட உறுதி. கழற்றிப் பாகம் மாற்றவும் சுலபம்.

அங்கே எல்லா லேப்டாப்பிலும் பதினொன்று பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதை நம்பாதீர்கள்; குறுக்குவழியில் போட்டதாக இருக்கலாம். திங்பேட் டி470 என்றால் 6 அல்லது 7-ஆம் தலைமுறை, டி480 என்றால் பெரும்பாலும் 8. எச்பி எலைட்புக் 840 ஜி4 என்றால் பெரும்பாலும் 7. ஜி5-இல் பெரும்பாலும் 8, ஆனால் 7-ம் கலந்துவரும். மூடியின் ஸ்டிக்கரைப் பார்க்காமல், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பிராசசர் பெயரை நீங்களே படியுங்கள்.

அப்புறம் நிதானமாக உட்காருங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும். நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் அடித்துப் பாருங்கள். திரையை முழு வெள்ளையாக்கிக் கறை, கோடு தேடுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அங்கேயே பேட்டரி அரை மணி தாங்குகிறதா என்று பாருங்கள். டச் பேடு மேலே எழும்பியிருந்தால் கீழே பேட்டரி உப்பியிருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் அங்கேயே விண்டோஸை ரீசெட் செய்து நெட்டோடு இணைக்கச் சொல்லுங்கள். சில லேப்டாப்புகள் பழைய கம்பெனியின் கணக்கில் பதிவாகியே கிடக்கும். வீட்டுக்கு வந்து ரீசெட் செய்யும் நாளில், யாரோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்களின் ஈமெயில் கேட்கும். விண்டோஸ் சாவிக்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10 ப்ரோவோடு வந்த கம்பெனி லேப்டாப்பில் சாவி மதர்போர்டிலேயே இருக்கும்.

இதில் பெரிய மறைமுகச் செலவு வாரன்டி. மூன்று மாதம், ஆறு மாதம் என்று பில்லில் எழுதித் தருவார்கள். இரண்டாவது வாரம் சத்தம் வரவில்லை என்றால்? ஒரு நாள் லீவு, போகவர டிக்கெட், "வச்சிட்டுப் போங்க, போன் பண்றோம்", எடுக்க இன்னொரு நாள். இந்த இரண்டு நாளையும் விலையோடு கூட்டிவைத்துக்கொண்டு, தருமபுரி, ஓசூர் கடைகளின் விலையோடு ஒப்பிடுங்கள். சில நேரம் உள்ளூரில் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுப்பதே லாபம்.

புது லேப்டாப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பணம் இருந்து, தினமும் எட்டு மணி நேரம் அதில்தான் பிழைப்பு என்றால் வாங்குங்கள். 8 ஜிபிக்குக் குறைந்த ரேமோடு வாங்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கையை விட்டுப் போவது | தெரியாமல் போவது | எதுவரை | யாருக்கு |
|---|---|---|---|---|
| விண்டோஸ் 10 + நீட்டிப்பு | ஒன்றுமில்லை, அல்லது 30 டாலர் | மைக்ரோசாஃப்ட் கணக்குத் தொல்லை | 2026 அக்டோபர் 13 | வேலையை நிறுத்த முடியாத கடை, மண்டி |
| விண்டோஸ் 11 நேர்வழி | 5 ஜிபிக்கு மேல் டேட்டா, ரேம் | டிஸ்க் பூட்டுச் சாவி | லேப்டாப் உழைக்கும்வரை | 8-ஆம் தலைமுறைக்கு மேல் வைத்திருப்பவர் |
| விண்டோஸ் 11 குறுக்குவழி | அதே | இரண்டு வருடத்துக்குள் மறுபடி கைவேலை | உத்தரவாதம் இல்லை | தானே செய்யத் தெரிந்தவர் |
| லினக்ஸ் மின்ட் | ஒரு பென் டிரைவ் | பழகும் நாட்கள், பிரிண்டர் | 22-ஆம் பதிப்புக்கு 2029 | மாணவர், வீடு, பரண் லேப்டாப் |
| எஸ்.பி. ரோடு லேப்டாப் | லேப்டாப் விலை | லீவு, டிக்கெட், பேட்டரி | 8-ஆம் தலைமுறை பார்த்து வாங்கினால் சில வருடம் | விண்டோஸ் கட்டாயம், பட்ஜெட் கம்மி |

## மூவரும் என்ன செய்தார்கள்

மண்டி மாமாவின் லேப்டாப் 5-ஆம் தலைமுறை. புளி வரத்து நேரத்தில் டேலி ஒரு நாள் நின்றாலும் நூறு பேருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதனால் நீட்டிப்பில் சேர்த்துவிட்டேன், எஸ்எஸ்டி போட்டேன். டேலி டேட்டாவை வாரம் ஒருமுறை இரண்டு பென் டிரைவில் மாற்றி மாற்றி எடுக்க அவர் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீட்டிப்பு முடியும் முன், மண்டியில் வேலை குறைவான மாதத்தில், எட்டாம் தலைமுறை லேப்டாப் ஒன்றைப் பார்க்கலாம் என்று பேச்சு.

ஜெராக்ஸ் அக்காவிடம் தயங்காமல் வேறு லேப்டாப் வாங்கச் சொன்னேன். ஓசூரில் ஒரு பழைய ஆஃபீஸ் லேப்டாப் எடுத்தார், பதினொன்று நேர்வழியில் ஏறியது, பழைய பிரிண்டரும் அதில் ஓடுகிறது. பழைய லேப்டாப்பை வீசவில்லை. அதில் மின்ட் போட்டு, வாடிக்கையாளர் பென் டிரைவ் எல்லாம் முதலில் அங்கே நுழையும்படி வைத்தோம். பிரிண்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் இந்தப் பக்கம் வரும். பேங்க் வேலை புது லேப்டாப்பில் மட்டும். "ரெண்டு மிஷின் எதுக்குப்பா?" என்று முதலில் அலுத்துக்கொண்டார். கூட்டம் இருக்கும் நாளில் இரண்டாவது மிஷினில் அவர் பையனும் உட்கார்ந்துகொள்வதால் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

தம்பிக்கு மின்ட். பென் டிரைவில் ஓட்டிப் பார்த்தபோதே வைஃபை தெரியவில்லை, பிராட்காம் சில்லு. போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் ஆன் செய்தோம், நெட் வந்தது. நிறுவி முடித்தபின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அந்த டிரைவரை அதுவே காட்டியது, ஒரு கிளிக்கில் ஏறியது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி: "அண்ணா, பாட்டு கேக்குது, நெட் வருது, ஆனா ரீசைக்கிள் பின் எங்க?"